திருக்கை கிடக்கும் தண்ணீர்

மூன்று சத்தம். ஒன்றைவிட அடுத்தது சற்றுத் தாழ்ந்து, மூன்றாவது முடியுமுன்பே நின்றுவிடும். நோட்டுப் புத்தகத்தில் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்குள் அது வந்து உட்காராது. நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு மாசி விடியலில், இதே சதுப்பின் கரையில், பவளக்காலி ஒன்று என் தோளுக்குப் பின்னால் கூப்பிடுகிறது என்று நினைத்துத் திரும்பினேன். பறவை இல்லை. இடுப்பில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தார். உதடு குவிந்திருந்தது. அவர் மறுபடி கூப்பிட்டார். சேற்றுவெளியின் ஏதோ ஒரு மூலையிலிருந்து அதே மூன்று சத்தம் திரும்பி வந்தது, கொஞ்சம் சந்தேகத்தோடு, யாரது என்று கேட்பதுபோல. பிறகு கிட்டத்தில் வந்தது. பிறகு எங்கள் முகாமின் வலையில் விழுந்தது. அப்படித்தான் நாகூரானை நான் அறிந்தேன், முதலில் காதால். இப்போது எனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர், தண்ணீருக்குக் கீழே கணுக்கால்வரை சேறு, முதுகில் ஏழு கிலோ பை. பத்தடி முன்னால் நாகூரானின் மகள் வேம்பு கழியை ஊன்றிக்கொண்டு போகிறாள். காலை ஆறரை மணி வெளிச்சம் தண்ணீரின் மேல் கஞ்சி ஆடைபோலப் படிந்திருக்கிறது. வலப்பக்கம் எங்கோ நிஜமான பவளக்காலி கூப்பிடுகிறது. நான் நிற்கவில்லை. நின்றால் கால் புதைகிறது. நின்றால் நினைப்பும் அதே இடத்தில் புதைகிறது.

"காலைத் தூக்காதீங்க டீச்சர்" என்கிறாள் வேம்பு, திரும்பாமலே. இவளுக்குக் காது முதுகில் இருக்கிறது. "தூக்கித் தூக்கி வச்சீங்கன்னா திருக்கை மேல மிதிச்சிருவீங்க. தேய்ச்சுத் தேய்ச்சு வாங்க. கால் வருதுன்னு தெரிஞ்சா அதுவே விலகிப் போயிரும். அதுக்கும் நம்மளக் கண்டா பயந்தான்." நேற்றுக் காலையிலிருந்து இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். திருக்கை மண்ணோடு மண்ணாகத் தட்டையாய்க் கிடக்கும், வாலில் முள், மேலிருந்து மிதித்தால் குத்தும், பக்கத்திலிருந்து கால் உரசினால் சத்தமில்லாமல் நழுவும். முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் அறுபத்தாறு வயது முழங்காலுக்கு நடை என்றால் தூக்குவதும் வைப்பதும்தான். அதன் பழக்கத்தை இந்த வயதில் எங்கே மாற்றுவது. தேய்க்கிறேன், தேய்க்கிறேன், பத்தடி போனதும் கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. தூக்கிய காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாத அந்த ஒரு நொடியில் வேம்புவின் முதுகைப் பார்க்கிறேன். "பையில அப்படி என்னதான் இருக்கு? தனிக்குடித்தனம் போறாப்ல தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் நேற்று. தண்ணீர், அவல், பிஸ்கட், மாத்திரை, பைனாகுலர், ஒரு சேலை என்றேன். "சேலையா? இந்தச் சேத்துல எந்தக் கல்யாணத்துக்கு?" என்று கழியைத் தண்ணீரில் அடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் அப்பாவுடையதா என்று யோசித்தேன். நாகூரான் சிரித்து நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அல்லது சிரித்திருப்பார், எனக்கு அந்த ஒரு காலைதான் மிஞ்சியிருக்கிறது, மற்றக் காலைகளை எல்லாம் அது தின்றுவிட்டது.

மார்கழியில் மெஹ்ருன் போன் செய்தாள். பழைய மாணவி, அதிராம்பட்டினத்துக்காரி, இப்போதும் பறவை பார்க்கப் போகிறவள். "மேடம், இந்த வருஷம் பூநாரை ஆயிரக்கணக்குல வந்திருக்கு. தில்லைத்திட்டுக்குத் தெற்கே, ரொம்ப உள்ள. படகு போகாது, நடந்துதான் போகணும், ரெண்டு நாள் ஆகும். கூட்டிட்டுப் போக ஒரு அம்மா இருக்காங்க, நாகூரான் மகள் வேம்புன்னு கேட்டா ஊர்ல யாரும் சொல்வாங்க." அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மகன் புனேயிலிருந்து கத்தினான், பூநாரையை வீடியோவில் பார்த்தால் ஆகாதா, சேற்றில் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று. வேம்பு தூக்குவாள் என்றேன். யார் வேம்பு என்றான். அவனுக்கு என்ன சொல்வது? எண்பத்து நாலில் நான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன், அதற்கு நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை, வாயைத் திறக்காமல் இருந்தது மட்டுமே போதுமாயிருந்தது, அந்த மனிதரின் மகள்தான் வேம்பு என்றா? பூநாரை பார்க்கப் போகிறேன் என்றேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் நான் வந்தது சொல்ல. நாகூரான் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் இவளிடம். நேற்று முழுக்க நடந்தேன், மீனவர்கள் போட்டுவைத்த கொட்டகையில் இராத்தங்கினேன், இவள் சுட்டுத் தந்த நண்டைத் தின்றேன். நண்டு எந்த மாதம் கொழுக்கும், நரி இந்தத் தண்ணீரைத் தாண்டுமா, அலையாத்தி விதை எத்தனை நாள் மிதக்கும் என்று எல்லாம் கேட்டேன். உன் அப்பா இருக்கிறாரா என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு தடவை அவளே, "இது எங்கப்பா காட்டுன வழி" என்று சொன்னாள். நான் உடனே குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். இன்று ஒன்பது மணிக்குள் பூநாரைத் திட்டை அடைந்துவிடுவோம், பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகக் கரையேறினால் பஸ் வரும். அதற்குள் சொல்லவில்லை என்றால் இனி இல்லை. இந்த முழங்கால் என்னை இன்னொரு முறை இங்கே கொண்டுவராது.

அலையாத்தி மரங்கள் பின்னால் போய்விட்டன. இப்போது நாலாபக்கமும் ஒரே சாம்பல் நிறம், தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அழுகிய முட்டை வாடை, அதற்குள் மெல்லிதாக உப்பு. இந்த வாடையை நான் மறந்ததே இல்லை. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் சில சமயம் காரணமில்லாமல் வரும், வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பேன். எண்பத்து நாலு. எனக்கு இருபத்தாறு வயது, எம்.ஃபில். எங்கள் பேராசிரியர் இந்தக் கரையில் பறவைகளுக்கு வளையம் போடும் முகாம் நடத்தினார். கழிகளுக்கு நடுவே மெல்லிய நைலான் வலையைக் கட்டித் தொங்கவிடுவோம், நாலு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் ஒரு பைபோல. இருட்டில் வலை தெரியாமல் பறவை வந்து மோதிப் பைக்குள் விழும். எடுத்து, அளந்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்கவிடுவோம். அது சைபீரியாவில் யார் கையிலாவது கிடைத்தால் கடிதம் வரும். விதி ஒன்றுதான்: அரை மணிக்கு ஒரு தடவை வலையைப் பார்க்க வேண்டும், தண்ணீர் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். கீழ் அடுக்கு சேற்றிலிருந்து ஒரு முழ உயரம்கூட இருக்காது. எந்த நேரத்துக்குத் தண்ணீர் ஏறும் என்று துறைமுகத்தில் அச்சடித்த ஓத அட்டவணை எங்களிடம் இருந்தது. எனக்கு அச்சடித்த எதன்மேலும் அப்போது பெரிய நம்பிக்கை. அன்றைக்குக் காலைமுறை எனக்கும், முகாமில் வேலைக்கு இருந்த நாகூரானுக்கும். அட்டவணையில் பதினொன்று இருபது என்று போட்டிருந்தது. விடிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைத் தெற்கே திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றார். "வாடைக்காத்து விழுந்திருச்சு பாப்பா. தெக்கேருந்து சோழகக்காத்து எடுக்குது. வலையச் சுருட்டிருவோம்" என்றார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், எம்.ஃபில் பாப்பா. பதினொன்று இருபதுக்குத்தான் தண்ணீர் என்றேன். "அது நாகப்பட்டினத்துத் தண்ணிக்கு. இந்தத் தண்ணி நிலாவுக்குக் கட்டுப்படாது, காத்துக்குத்தான் கட்டுப்படும். தெக்கேருந்து அடிச்சா உள்ள வந்துரும்." நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அவர் கூப்பிட்ட அந்த மூன்று சத்தத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் சத்தத்துக்கு ஓர் எழுத்து கிடைத்திருந்தது, மூன்றாவதற்குக் கிடைக்கவில்லை. எழுத்து கிடைக்கும் நேரத்தில் யார் பேசினாலும் எனக்கு ஆகாது. "அரை மணி நேரம் பொறுங்க. நீங்க போய் டீ குடிச்சிட்டு, எனக்கும் வாங்கிட்டு வாங்க" என்றேன். டீக்கடை ஒரு மைல். அவர் வலையைப் பார்த்தார், தெற்கே பார்த்தார், போனார்.

"போன வாரம் ஒரு ஜோடி வந்துச்சு டீச்சர்" என்கிறாள் வேம்பு. பேச்சு எனக்குத் தேவை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதுபோல. "மெட்ராஸ்காரங்க. அந்தப் பொண்ணு கேக்குது, அக்கா, பூநாரை ஏன் போட்டோவுல இருக்கறாப்ல செவப்பா இல்லன்னு. நான் சொன்னேன், அது போட்டோ எடுக்க வர்றப்ப பவுடர் போட்டுக்கும்மா, இன்னிக்கு நீங்க சொல்லாம வந்துட்டீங்கன்னு. நம்பிருச்சு!" நான் சிரிக்கிறேன், சிரிப்பு மூச்சாகத்தான் வருகிறது. "நீங்க பரவாயில்ல. வயசுக்கு நல்லா நடக்கறீங்க. வாய்தான் இல்ல ஒங்களுக்கு." வாய்தான் இல்லை. நிற்கிறேன், புதைகிறேன், பிடுங்குகிறேன். பிடுங்கும்போது சேறு உறிஞ்சும் சத்தம். இடது காலுக்குப் பக்கத்தில் ஏதோ வழவழப்பாக உரசிப் போகிறது. உடம்பு முழுக்க ஒரு தரம் சுருங்குகிறது. வேம்பு திரும்பிப் பார்த்துவிட்டு, "கெளுத்திக் குஞ்சு" என்கிறாள். காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. என் காலுக்குக் கீழே கிடப்பது மட்டும் தெரியவில்லை. சொல்லிவிடலாம், இப்போது. வேம்பு, ஒன்று சொல்ல வேண்டும். இல்லை, முதலில் அவர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இருக்கிறார் என்றால் எனக்கு எண்பத்தைந்து வயதுக் கிழவர் முன்னால் போய் நிற்கத் தைரியம் உண்டா. இல்லை என்றால் இவளிடம் சொல்வது யாருக்காக. செத்தவரைப் பற்றி இருக்கிறவளிடம் ஒப்பிப்பது, பாரத்தை இறக்கிவைக்க ஒரு தலை கிடைத்தது என்பதற்காகத்தானே. ஏழு கிலோ பையையே அவள் வாங்கிக்கொள்கிறேன் என்றபோது கொடுக்கவில்லை. இதைக் கொடுக்கப் பார்க்கிறேன். சுற்றிச் சுற்றி இதே இடம். நாற்பது வருஷமாக இந்தக் கேள்வியைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறேன், ஒரு தடவையும் தேய்த்துக்கொண்டு கிட்டே போனதில்லை.

மூன்றாவது எழுத்து கிடைக்கவில்லை. நிமிர்ந்தபோது தண்ணீர் வந்திருந்தது. அலையடித்து வரவில்லை, ஓசையே இல்லை. சேறு பளபளக்கத் தொடங்கியது, பிறகு அது சேறாக இல்லை. நான் ஓடினேன். ஓடுவது என்றால், முழங்கால்வரை இழுக்கும் சேற்றில் கனவில் ஓடுவதுபோல. மேல் அடுக்குகளில் பறவைகள் சிறகடித்துக்கொண்டிருந்தன. கீழ் அடுக்கு தண்ணீருக்குள் இருந்தது. பெரும்பாலும் கொசு உள்ளான். ஒரு முட்டையின் பாதி எடைகூட இருக்காது, மூடிய கைக்குள் காணாமல் போகும். வலையின் முடிச்சைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்தேன், எடுக்க எடுக்கச் சிக்கல் கூடியது. ஒரு பறவையின் காலில் அதற்கு முந்தின வாரம் நானே மாட்டிய வளையம் இருந்தது, அந்த எண்ணை இப்போதும் சொல்ல முடியும், சொல்ல மாட்டேன். நாகூரான் தூரத்தில் வந்துகொண்டிருந்தார், கையில் டீத் தூக்கு. பார்த்தார். தூக்கை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு ஓடிவந்தார். பிரித்துப் பிரித்து என் துப்பட்டாவில் போட்டோம். கரையில் வரிசையாக வைத்து எண்ணினேன். முப்பத்தேழு. நோட்டில் அந்த எண்ணை எழுதினேன், அந்த மூன்று சத்தத்துக்குக் கீழே அதே பக்கத்தில். பேராசிரியர் வந்தார். நல்ல மனிதர், பறவை ஒன்று செத்தால் அன்றைக்குச் சாப்பிடாதவர். அவர் என்னைக் கேட்கவே இல்லை. நாகூரானிடம்தான் கேட்டார். "காத்தும் தண்ணியும் தெரிஞ்ச ஆளுன்னுதானே உன்னை வச்சிருக்கேன்? வலையை விட்டுட்டு எங்கே போனே?" நாகூரான் சொன்னார்: "டீ குடிக்கப் போனேங்க." அவ்வளவுதான் சொன்னார். பாப்பா அனுப்புச்சு என்று சொல்லவில்லை. சுருட்டச் சொன்னேன், கேட்கலை என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கெஞ்சிப் பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அவர் சும்மா பார்த்தார், ஒருவர் பேச இடம் விடுவதுபோல. அந்த இடம் எவ்வளவு நேரம் இருந்தது? மூன்று மூச்சு. நாலு. நான் ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தேன். அன்று மதியம் அவரை அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்த மற்ற இருவரும் பிற்பாடு வனக்காவலர் வேலைக்கு எடுக்கப்பட்டு, சீருடை போட்டு, ஓய்வூதியத்தோடு ஓய்வு பெற்றார்கள் என்று கேள்விப்பட்டேன். என் ஆய்வேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது: வலையில் இறந்தவை, முப்பத்தேழு, காரணம், எதிர்பாராத நீர்மட்ட உயர்வு. எதிர்பாராத. அந்தச் சொல்லை யோசித்துத்தான் போட்டேன்.

"வேம்பு." நின்றுவிட்டேன். அவளும் நின்று திரும்புகிறாள். "என்ன, முட்டி வலிக்குதா? அந்தக் குத்துக்கல்லு வரைக்கும் வந்துட்டீங்கன்னா கொஞ்சம் ஒக்காரலாம்." இல்லை என்கிறேன். கால் புதைந்துகொண்டே போகிறது, அது நல்லதாகப் படுகிறது, ஓட முடியாது. "எண்பத்து நாலுல இங்க ஒரு முகாம் நடந்துச்சு. உங்க அப்பா அதுல வேலை பார்த்தார். நான் அங்க இருந்தேன்" என்கிறேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அன்னிக்கு வலையில குருவிங்க செத்துப்போச்சே. அவர் வலையச் சுருட்டச் சொன்னார். நான் வேணாம்னேன். டீ வாங்க அவரை அனுப்பினது நான்தான். பேராசிரியர் கேட்டப்ப நான் சொல்லலை." நாற்பது வருஷம் சுமந்தது நாலு வாக்கியத்தில் முடிந்துபோகிறது. இன்னும் ஏதாவது இருக்கும் என்று தேடுகிறேன், இல்லை. எத்தனை விதமாகச் சொல்லிப் பழகியிருந்தேன், வயது இருபத்தாறு என்று, பயம் என்று, படிப்பு போய்விடும் என்று. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள், காற்று. வேம்பு கழியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அப்ப நீங்கதானா அனுப்புனது" என்கிறாள். கேள்வியாக இல்லை. அப்புறம் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுகிறாள், முன்னைவிட வேகமாக. பிடுங்கிக்கொண்டு பின்னால் போகிறேன். காலைத் தூக்கித்தான் வைக்கிறேன், ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிறது அவளுக்கு. தூக்கி வைத்தால் தண்ணீர் சளக்கென்று சத்தம் போடும், தேய்த்தால் போடாது, கேட்கிறது, சொல்லவில்லை. மிதித்தால் மிதித்துக்கொள் என்பதாக இருக்கலாம். நியாயம். மிதிக்கிறேன், ஒன்றும் குத்தவில்லை, அது இன்னும் பயமாக இருக்கிறது.

குத்துக்கல் வந்தது. பழைய உப்பள எல்லைக்கல், பாதி சரிந்து நிற்கிறது. அவள் அதில் சாய்ந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தாள். நான் கிட்டே வந்ததும், என்னைப் பார்க்காமல் பேசினாள். "எங்க வீட்டுல டீ கெடையாது டீச்சர். தெரியுமா? நான் கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் டீ குடிச்சதில்ல. அம்மா டீத்தூள வாசப்படி தாண்ட விடாது. டீக்கு நாக்கத் தொங்கப்போட்டு அரசாங்க வேலையத் தொலைச்ச மனுசன்னு ஏசும். விருந்தாளி வந்தாலும் ஏசும், சாமி கும்புடறப்பவும் ஏசும். அப்பா பதிலே பேசாது. சுக்குத்தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிரும். ரொம்பக் கேட்டா, காத்து மாறிருச்சு புள்ள, அவ்வளவுதான்னு சொல்லும்." நான் கல்லைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா இருக்கறப்ப வந்து இதச் சொல்லியிருக்கலாம்ல? ஒரு தடவையாச்சும் அப்பா அதுக்கிட்ட ஒரு வாய் டீ வாங்கிக் குடிச்சிருக்கும்." மன்னிச்சிடு என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்து, அங்கே அற்பமாக நின்றது. அவள் வேறு குரலில், "எத்தனை குருவி?" என்று கேட்டாள். முப்பத்தேழு என்றேன், யோசிக்காமல். "நாப்பத்தொண்ணு" என்றாள். இல்லை வேம்பு, நான் எண்ணினேன், எழுதியிருக்கிறேன் என்றேன், வெட்கமில்லாமல், இந்த நேரத்திலும். "நீங்க எண்ணினது செத்தத. நாலுக்கு உசுரு இருந்துச்சு. அப்பா துண்டுல சுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்துச்சு. எனக்கு ஆறு வயசு. அடுப்புக்குப் பக்கத்துல சாம்பலப் பரப்பி அதுல வச்சு, வாயால ஊதிக்கிட்டே இருந்துச்சு. நானும் ஊதினேன். ஒண்ணு காலக்கூட நீட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் போயிருச்சு." கையை விரித்துக் காட்டினாள், அதில் இப்போதும் ஒன்று இருப்பதுபோல. "அன்னிக்கு அப்பா வேலை போச்சுன்னு அழுவல டீச்சர். அந்த நாலுக்குத்தான் அழுதுச்சு."

நான் எழுதிய எண் தவறு. என் ஆய்வேட்டில், நூலகத்தில், நாலாவது அலமாரியில், நீல அட்டைக்குள், நாற்பது வருஷமாகத் தவறு. அது ஏன் என்னை இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று தெரியவில்லை. மற்றதெல்லாம் தெரிந்ததுதான், எத்தனையோ தடவை மென்றதுதான், இந்த நாலு புதிது. கையளவு சாம்பல், அதில் நாலு பறவை, இரண்டு வாய் ஊதிக்கொண்டிருக்கிறது. நான் அந்தச் சாயங்காலம் முகாமில் என்ன செய்துகொண்டிருந்தேன்? நோட்டைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். வேம்பு கழியை எடுத்தாள். "வாங்க, வெயில் ஏறுது. இடது பக்கம் பள்ளம், என் பின்னாடியே வாங்க" என்றாள். கோபம் போய்விட்டதா, இருக்கிறதா, அவள் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கால்களைத் தேய்த்தேன். தண்ணீர் முழங்காலிலிருந்து இறங்கி, கணுக்காலுக்கு வந்தது, பிறகு சேறு மட்டும், பிறகு உப்புமண்ணில் முளைக்கும் உமரிச் செடி மிதிபட்டு உடையும் சத்தம். வேம்பு கையால் அமர்த்தினாள். குனிந்தோம். அங்கே நின்றன. முதலில் பூநாரை என்றே தோன்றவில்லை, யாரோ வேட்டிகளைத் துவைத்து நெடுந்தூரம் காயப்போட்டதுபோல அழுக்கு வெள்ளை. தலை எல்லாம் தண்ணீருக்குள். காலால் சேற்றைக் கிளறிக் கிளறி, கிளறியதை அலகால் அரித்துக்கொண்டு, எவ்வளவு உழைப்பு. ரேஷன் கடை வரிசைபோல ஒரு முணுமுணுப்பு அந்தக் கூட்டத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஒன்று சிறகை விரித்தபோதுதான் உள்ளே இருந்த சிவப்பு தெரிந்தது, உடனே மூடிக்கொண்டது. ஆயிரம் இருக்கும், ஆயிரத்தைந்நூறு. எண்ணவில்லை. பையை இறக்கிவைத்தேன், தோள் தானாக மேலே எழும்பியது, பாரம் போனதால் வந்த நிம்மதியைப்போல இருந்தது, ஆனால் அது தோள்தான். அழகாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பார்ப்பதற்குத்தான் களைப்பாக இருந்தது. வேம்பு பக்கத்தில் குந்தியிருந்தாள், அவல் பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலே எனக்கு ஒரு பிடி, அவளுக்கு ஒரு பிடி எடுத்தாள். மென்றோம். அவல் முடியும்வரை பொறுத்திருந்து, நான் கேட்டேன், நேற்றிலிருந்து கேட்க முடியாததை. "அப்பா இருக்காரா வேம்பு?" அவள் விரல்களை நக்கிவிட்டு, பறவைகளைப் பார்த்தபடியே சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முகாமிலிருந்து அனுப்பிய அந்தச் சித்திரையிலேயே நாகூரான் உப்பு வாரப் போனார். பதினாறு வருஷம் வாரினார். உப்பின் மேல் விழுகிற வெயிலில் முதலில் இடது கண் போயிற்று, இரண்டாயிரத்தில் வலது கண்ணும் போயிற்று. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வீட்டிலேயே இருந்து, ஓர் ஐப்பசி மாதத்து அடைமழை நாளில் இறந்தார்.